ஒழுங்கை வெள்ளத்துக்கு ஒரு சென்சர் போதுமா? வெள்ளவத்தைக் கால்வாயும் நீர்மட்ட அளவீடும்

ஒழுங்கைவாசி (தொடக்கப் பதிவு)

கொழும்பு வெள்ளவத்தையில், கால்வாயிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் தள்ளியுள்ள ஒரு ஒழுங்கைக்குத்தான் இந்தக் கேள்வி. 14 வீடுகள், ஒரு தொடர்மாடி. பலத்த மழைக்கு அரை மணித்தியாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிடுகிறது. தொடர்மாடியின் மின்மானிகளும் தண்ணீர்ப் பம்பும் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் இருக்கின்றன.

கால்வாய்ப் பாலத்தில் அல்ட்ராசோனிக் சென்சர் (ஒலியலை அனுப்பித் தூரம் அளப்பது) ஒன்றைப் பூட்டி, மட்டம் ஏறும்போது எல்லோருடைய தொலைபேசிக்கும் அறிவித்தல் போகச் செய்யலாம் என்று யோசனை. ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சர், ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, 4ஜி மொடம், சிறிய சூரிய தகடு. இது சரிவருமா? எங்கே பிழைக்கும்?

மட்டக்கோல்

சென்சர் வாங்க முதல் ஒழுங்கையின் உயரத்தை எடுங்கோ. "கால்வாய் 1.4 மீற்றர்" எண்டு தொலைபேசியில வந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. "ஆகப் பதிஞ்ச வாசலுக்கு இன்னும் 25 செ.மீ" எண்டு வரவேணும். அதுக்கு மூண்டு உயரம் ஒரே அடிப்படையில வேணும்: சென்சரின்ர முகம், ஒழுங்கையில ஆகப் பதிஞ்ச வாசற்படி, தொடர்மாடிச் சரிவுப்பாதையின்ர உச்சி. கடைசியாச் சொன்னதைத்தான் எல்லாரும் மறக்கிறது. தண்ணி அந்த உச்சியைத் தாண்டின பிறகு நிலக்கீழ்த் தளம் நிமிசக் கணக்கில நிரம்பும்.

டம்பி லெவல் (முக்காலியில வைச்சு உயரம் பார்க்கிற கருவி) வாடகைக்கு எடுத்தா 180 மீற்றருக்கு மூண்டு இடத்தில வைச்சாப் போதும். முன்னால பார்க்கிற அளவுகோலும் பின்னால பார்க்கிற அளவுகோலும் கருவியிலயிருந்து சம தூரத்தில, 40 மீற்றருக்குள்ள இருக்கட்டும். போன வழியே திரும்பி வந்து தொடங்கின இடத்தில முடியுங்கோ, 5 மி.மீக்குள்ள மூடினா நம்பலாம். கருவி கிடைக்காட்டி மேசன்மார் பாவிக்கிற தண்ணிக்குழாய் மட்டமே போதும். 20 மீற்றர் தெளிவான குழாய், 10 மி.மீ உள்விட்டம், ஒன்பது தாவல். குழாய்க்குள்ள காற்றுக்குமிழ் நிண்டா அளவு சென்டிமீற்றர் கணக்கில பிழைக்கும். அதனால ஒரு முனையை வாளியில போட்டு மெல்ல உறிஞ்சி நிரப்பவேணும். வெயிலில கிடந்த பாதியும் நிழலில கிடந்த பாதியும் வேற வேற சூட்டில இருந்தாலும் அளவு அசையும்.

தொலைபேசி ஜிபிஎஸ் காட்டுற உயரத்தை இந்த வேலைக்குத் தொடவேண்டாம்.

செம்புக்கம்பி

அந்தச் சென்சரைப் பாலத்தில் பூட்டாதீர்கள். அதன் ஒலிக்கற்றை அகலமானது. 60 பாகை என்று எடுத்தாலும், 4 மீற்றர் கீழே அது 4.6 மீற்றர் வட்டமாக விரியும். கால்வாய்ச் சுவர், பாலத் தூண், தொங்கும் கொடி எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். முகத்திலிருந்து 20–25 செ.மீ வரை அதற்குக் கண் தெரியாது. தண்ணீர் சென்சரை நெருங்கும்போது, அதாவது உங்களுக்கு ஆகத் தேவையான நேரத்தில், கண்டபடி எண் தரும்.

வெப்பநிலையும் இருக்கிறது. ஒலியின் வேகம் ஒரு பாகை செல்சியசுக்கு நொடிக்கு 0.6 மீற்றர் கூடும். மழைக்கு முன் 32 பாகை, மழை விழுந்ததும் 24 பாகை என்றால் 3 மீற்றர் தூரத்தில் 4 செ.மீ பிழை. தண்ணீர் அசையாமலே மட்டம் இறங்கியதாகக் காட்டும். வெப்பமானி வைத்துத் திருத்தலாம். ஆனால் அதைப் பெட்டிக்குள் வைத்தால் அது பெட்டியின் சூட்டைத்தான் அளக்கும். நிழலில், வெளிக்காற்றில் தொங்க வேண்டும்.

பாலத்துக்கு 60 அல்லது 80 கிகாஹேர்ட்ஸ் றேடார் எடுங்கள். 8 பாகைக் கற்றை 4 மீற்றரில் 56 செ.மீ வட்டந்தான், சுவரிலிருந்து அரை மீற்றர் தள்ளிப் பூட்டினால் போதும். காற்றின் சூடு அதைப் பாதிக்காது. சிலந்தி வலைதான் அல்ட்ராசோனிக்குக்கு முதல் எதிரி, றேடார் அதையும் பொருட்படுத்தாது.

மின்சாரக் கணக்கு: 15 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி விழித்து 150 மில்லியம்பியர் இழுத்தால் நாளுக்கு 80 மில்லியம்பியர்-மணி. மழைநேரம் 2 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 600. ஒரு 6 அம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கைப் பாவித்தாலும், வெயிலே இல்லாமல் எட்டு நாள் முழு மழை தாங்கும். 5 வாற்று சூரிய தகடு போதுமானது. மொடம் வலையமைப்பைத் தேடும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுக்கலாம். மெல்லிய கம்பி போட்டால் மின்னழுத்தம் விழுந்து பலகை மீளத் தொடங்கும், பிறகு தேடும், பிறகும் விழும். மொடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோபரட் கொண்டென்சர் ஒன்றைப் பற்றாசு பிடியுங்கள். வெள்ளநாளில் கருவி மௌனமாகிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடற்காற்று அடிக்கும் இடம். ஆணி, பட்டி எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 கடலோரத்தில் பழுப்புக் கட்டும். கம்பி பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழைய முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். எறும்பு கூடு கட்டும், ஆகவே ஒரு துளையையும் திறந்து விடாதீர்கள்.

நீர்வழி

கருவிப் பேச்சு நன்றாகப் போகிறது. ஆனால் ஒழுங்கைவாசி, உங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

கால்வாய் பெருகி வடிகான் வழியே பின்வாங்கி வருகிறதா, அல்லது மழைத் தண்ணீர் வடிகானுக்குள் போக வழியில்லாமல் தேங்குகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு. கால்வாயில் மட்டும் ஒரு கருவி வைத்தால் இதற்கு விடை கிடைக்காது. இரண்டாவது ஒன்றை ஒழுங்கை வடிகானின் மேன்ஹோலுக்குள், கால்வாயிலிருந்து நடுத்தூரத்தில் வையுங்கள். இரண்டையும் மட்டக்கோல் சொன்ன ஒரே உயர அடிப்படையில் கட்டுங்கள். பிறகு வரைபைப் பாருங்கள்.

மழைநேரம் கான் மட்டம் கால்வாய் மட்டத்தைவிட 15 செ.மீக்கு மேல் உயர்ந்து நின்றால் கோளாறு கானில்தான். அது அடைப்பா, குழாய் சிறிதா என்பதை மழை விட்ட பின் பார்க்கலாம். இருபது நிமிடத்தில் வடிந்தால் குழாய் போதாது. ஒரு மணித்தியாலம் கழிந்தும் தண்ணீர் நின்றால் அடைப்பு.

இரண்டு மட்டமும் கையைக் கோர்த்தாற்போல் ஒன்றாக ஏறினால் அது கால்வாயின் பின்தள்ளல். அப்போது ஒழுங்கைக் கானை எவ்வளவு துப்புரவாக்கினாலும் பலனில்லை.

மழையே இல்லாத நாளில் கான் மட்டம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், கான் வாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் மடிப்புக் கதவு மூடவில்லை. பெரும்பாலும் பொலித்தீனோ மரக்கிளையோ செருகிக் கிடக்கும். கடல் வற்றுப்பெருக்கு உங்கள் மேன்ஹோல்வரை வந்துபோகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. கொழும்பில் பெரிய வற்றுப்பெருக்கின் வீச்சே ஏறத்தாழ 60–70 செ.மீதான். கால்வாய் வாய் திறந்திருந்தால் அதில் ஒரு பங்கு கால்வாய்க் கருவியில் தெரியும். வறண்ட நாட்களில் அந்த அலை நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசியில் தட்டையான கோடாகிப் போனால், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் அப்பால் வாய்க்கு முன்னால் மணல் மூடிவிட்டது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிப்பது வழமை. பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டுத்தான் வெட்ட வேண்டும். மழைக்கு முன்பே அது வெட்டப்பட வேண்டும் என்பதை அந்தத் தட்டைக் கோடு பல நாள் முன்னாலேயே சொல்லிவிடும். இந்தக் கருவியின் ஆகப் பெரிய பயன் இதுதான் என்பேன். நள்ளிரவு எச்சரிக்கை அதற்கு அடுத்தது.

தெஹிவளை_தொடர்மாடி

நாகலகம் வீதி மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறதே, அதைப் பார்த்தால் போதாதா? 1.52 மீற்றர் சிறுவெள்ளம், 2.13 பெருவெள்ளம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நீர்வழி

அது களனி கங்கையின் அளவு. கிளென்கோர்ஸ், ஹங்வெல்லை பக்கம் ஏறிய தண்ணீர் கொழும்புக்கு வர மணிக்கணக்காகும். ஆற்றோரத்தவர்களுக்கு அந்த அளவு உயிர் காக்கும். வெள்ளவத்தை ஒழுங்கையை நிரப்புவது தலைக்கு மேல் பெய்யும் அரைமணி மழை. நாகலகம் வீதி அளவு சாதாரணமாக இருக்கும்போதே உங்கள் ஒழுங்கை மூழ்கலாம்.

தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. களனி உயர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் நகருக்குள் வராமல் வடக்கு மதகை மூட வேண்டும். அப்போது நகரின் தண்ணீருக்கு முகத்துவாரம், வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடல் வாய்கள்தான் மிச்சம். அந்த நாளில் மணல் மூடிய வாய் இருமடங்கு ஆபத்து. அதனால் நாகலகம் அளவையும் அதே வரைபில் ஒரு கோடாகச் சேர்த்து வையுங்கள்.

திட்டவரை

ஒழுங்கைவாசிக்கு ஒரு கேள்வி. இந்த எண்களை யார் பார்க்கப் போகிறார்கள்? கான் கொழும்பு மாநகர சபையினுடையது. கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தினுடையது. காலி வீதிப் பாலம் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. கட்டட அனுமதியின் விதிகள் நகர அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. "எங்கள் ஒழுங்கையில் வெள்ளம்" என்று கடிதம் போனால் நான்கு இடமும் சுற்றும். நீர்வழி சொன்ன இரண்டு கோட்டு வரைபு போனால், எந்த இடத்துக்கு எழுத வேண்டும் என்பதே தெளிவாகிவிடும். அதற்காகவே நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் பாலத்திலோ கால்வாய்ச் சுவரிலோ எழுத்து மூல அனுமதியில்லாமல் எதையும் பூட்டாதீர்கள். அடுத்த பராமரிப்பு வேலையில் கழற்றி எறியப்படும்.

நகரளவில் இந்த மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்ற பிறகு, உலக வங்கிக் கடனோடு 2012இல் பெருநகர கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய், வடிகான், சதுப்புநிலம் எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் அதோடு வலுத்தது. சதுப்புநிலத்தை வெறும் காலிக் காணியாகப் பார்த்த கண், தண்ணீர்த் தொட்டியாகப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். 2018இல் கொழும்புக்கு, ரம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகர் அங்கீகாரம் கிடைத்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். கணக்கு எளிது: ஒரு ஹெக்டயர் சதுப்பில் ஒரு மீற்றர் தண்ணீர் நின்றால் 10,000 கனமீற்றர். அதை மண் போட்டு நிரப்பினால் அத்தனை தண்ணீரும் கீழேயுள்ள யாரோ ஒருவரின் வாசலைத் தேடிப் போகும். மாதிரி அந்த வாசலைக் காட்டிவிடுகிறது, அதனால் ஒளிக்க முடிவதில்லை.

மாதிரியின் குறை, அது பெரிய கால்வாய்வரைதான் துல்லியமாக வரும். ஒழுங்கைக்குள் எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்பது அதற்குள் பெரும்பாலும் ஊகந்தான்.

ஒழுங்கைவாசி

அப்படியென்றால் ட்ரோன் விட்டு ஒழுங்கை முழுவதற்கும் உயர வரைபடம் எடுத்தால் என்ன? படப்பிடிப்புக்காரர்கள் நிறைய இருக்கிறார்களே.

மட்டக்கோல்

எடுக்கலாம், ஆனா மூண்டு இடத்தில கவிழும். முதலாவது, சிவில் விமான அதிகார சபையின்ர அனுமதி. கொழும்புக்குள்ள பாதுகாப்புக் கட்டுப்பாடும் சேரும். இரண்டாவது, ட்ரோன் மேலேயிருந்து பார்க்கிறது மாமரத்தையும் தகரக் கூரையையுந்தான். ஒடுங்கின ஒழுங்கையில நிலம் தெரியிறதே கொஞ்சம்.

மூண்டாவதுதான் பெரிசு. செய்மதி தருகிற உயரம் ஒரு கணித நீள்கோளத்திலயிருந்து அளந்தது. இலங்கையைச் சுத்தி உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்குக் கீழ, 90 மீற்றருக்கும் கூடின ஆழத்தில கிடக்குது. உலகத்தின்ர ஆகப் பெரிய ஈர்ப்புத் தாழ்வு இந்தியப் பெருங்கடலில எங்களுக்குப் பக்கத்தில இருக்கிறதுதான் காரணம். திருத்தாத கோப்பில வெள்ளவத்தை கடலுக்கு 90 மீற்றர் அடியில நிக்கும். அந்தப் பெரும் பிழையை எவரும் கண்டுபிடிப்பினம். ஆபத்து அதுக்குப் பிறகு: ஏதோ ஒரு உலகளாவிய மாதிரியைப் போட்டுத் திருத்தி, பார்வைக்குச் சரியா 2 மீற்றர் எண்டு வந்திட்டா, உள்ள அரை மீற்றர் பிழை கிடக்கிறது ஒருத்தரின்ர கண்ணிலயும் படாது. உங்களுக்கு 10 செ.மீ முக்கியம். நில அளவைத் திணைக்களத்தின்ர உயரக் குறி ஒண்டிலயிருந்து கொண்டுவந்த நிலக்குறிகள் குறைஞ்சது ஐஞ்செண்டாலும் படத்துக்குள்ள இல்லாட்டி அந்த வரைபடத்தைச் சுவரில மாட்டலாம், வாசல் உயரம் எடுக்கேலாது.

நீர்வழி

குழாய்க் கணக்கையும் போடுகிறேன், ஏனென்றால் "கானைத் துப்புரவாக்கினால் சரி" என்று முடித்துவிடும் பழக்கம் எங்களிடம் உண்டு.

ஒழுங்கைக்கு வடியும் பரப்பு 2 ஹெக்டயர் என்று வைப்போம். அரை மணியில் 40 மி.மீ மழை, கொழும்பில் இது அதிசயமில்லை. 800 கனமீற்றர் விழும். கொங்கிரீட்டும் கூரையுமாகையால் பத்தில் ஒன்பது பங்கு ஓடும்: 720 கனமீற்றர், அதாவது நொடிக்கு 400 லீற்றர். 300க்கு 1 சரிவிலுள்ள 12 அங்குலக் கொங்கிரீட் குழாய் நிரம்பி ஓடினாலும் நொடிக்கு 56 லீற்றர்தான் கொண்டுபோகும். ஏழில் ஒரு பங்கு. குழாயைத் தங்கம்போல் தேய்த்து வைத்தாலும் மிச்சம் தெருவில்தான். 24 அங்குலம் போட்டாலும் 354 லீற்றர், அப்போதும் கொஞ்சம் குறைகிறது.

பம்பு வைத்து இறைக்கலாமா? 3 அங்குலக் கையடக்கப் பம்பு மணிக்கு 60 கனமீற்றர். 720 கனமீற்றருக்கு 12 மணித்தியாலம். தொடர்மாடி நிலக்கீழ்த் தளத்தை வற்ற வைக்க அது உதவும், ஒழுங்கைக்கு உதவாது.

திட்டவரை

அதனால்தான் தண்ணீரை ஒழுங்கைக்கு வர முன்பே வீட்டில் தாமதிக்க வைக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. பல இடங்களில் தொட்டி கட்டப்படுகிறது, ஆனால் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. நிரம்பிய தொட்டி வெள்ளத்துக்கு உதவாது.

150 சதுர மீற்றர் கூரையில் 40 மி.மீ விழுந்தால் 6,000 லீற்றர். 2,000 லீற்றர் தாங்கி மூன்று. அடியில் 25 மி.மீ துளையொன்று எப்போதும் திறந்து கிடக்கட்டும். ஒரு மீற்றர் தண்ணீர் நிற்கும்போது அது நொடிக்கு 1.3 லீற்றர்தான் விடும். கூரையிலிருந்து வருவது 3.3 லீற்றர். மிச்சம் தொட்டியில் தங்கி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மெல்ல வடியும், அடுத்த மழைக்கு இடம் காலியாகும். துளைக்கு முன் இலை வடி கட்டாயம், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே அடைக்கும். மேல்மூடியும் வழிவுக்குழாயும் நுளம்பு வலையோடு இருக்க வேண்டும். டெங்குப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான், அதுவே நியாயமும்.

14 வீடும் செய்தால் 84 கனமீற்றர். 720இல் அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வாசலைத் தாண்டும் கடைசி அங்குலங்களுக்கு அந்த எட்டில் ஒன்று பெறுமதியானது. தொடர்மாடியின் கூரையும் முற்றமும் சேர்ந்தால் இன்னும் கூடும். தொட்டி வைக்க முன்னும் பின்னும் மேன்ஹோல் கருவியின் உச்ச மட்டத்தை ஒரேயளவு மழையில் ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு குறைந்தது என்பது எண்ணாகத் தெரியும். அதற்கு, 0.2 மி.மீ மழைக்கு ஒருமுறை கிண்ணம் சாய்ந்து எண்ணும் மழைமானி ஒன்றும் ஒழுங்கைக்குள் வேண்டும். கட்டுநாயக்கவிலோ இரத்மலானையிலோ பெய்த மழை உங்கள் ஒழுங்கையில் பெய்ததாக ஆகாது.

செம்புக்கம்பி

மேன்ஹோல் கருவிக்கு ஒரு குறிப்பு. அங்கே றேடார் தேவையில்லை, தண்ணீருக்குள் இருந்து அதன் அழுத்தத்தால் ஆழத்தை அளக்கும் அழுத்தமானி நல்லது. ஆனால் காற்றுக்குழாய் உள்ள கேபிளோடு எடுங்கள். எங்கள் பக்கம் வளிமண்டல அழுத்தம் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நாலு மணியளவில் இறங்கும்; காற்றுக்குழாய் இல்லாத மானியில் அது 3 செ.மீ போலி அலையாக வரும், நீர்வழி சொன்ன வற்றுப்பெருக்கு அலையோடு குழம்பும். அந்தக் குழாயின் மேல்முனையில் சிலிக்கா ஜெல் வையுங்கள், நிறம் மாறினால் மாற்றுங்கள். மானியைத் தரையில் கிடத்தாதீர்கள், சேறு மூடும். தரையிலிருந்து 10 செ.மீ உயரத்தில் ஒரு பிவிசி குழாய்க்குள் தொங்கட்டும்.

மென்பொருளில் ஒரு பொறி. 15 தடவை அளந்து நடு மதிப்பை எடுப்பது சரி. ஆனால் "முந்திய அளவைவிட 10 செ.மீ கூடினால் பிழை, தள்ளு" என்று எழுதிவிடாதீர்கள். கானில் 10 நிமிடத்தில் 30 செ.மீ ஏறும். அந்த வடிகட்டி வெள்ளத்தையே தள்ளிவிடும். சந்தேகமான அளவு வந்தால் 10 நொடியில் திரும்ப அளக்கட்டும், இரண்டும் ஒத்தால் ஏற்கட்டும். ஆகாயத்தாமரை மிதந்து றேடாருக்குக் கீழே தங்கினால் கால்வாய் மட்டம் திடீரென்று ஏறி அங்கேயே நிற்கும், வற்றுப்பெருக்கோடு மட்டும் அசையும். கான் அசையாமல் கால்வாய் மட்டும் இப்படிப் பாய்ந்தால் ஆளை அனுப்பிப் பாருங்கள்.

மேன்ஹோலுக்குள் ஒருவரும் தனியே இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து காற்றோட விட்டாலும் விஷவாயு அடியில் நிற்கும். குழாயை மேலேயிருந்தே இறக்கிப் பூட்டும் வகையில் செய்யுங்கள்.

ஒழுங்கைவாசி

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றுகிறேன்: முதலில் மட்டம் எடுப்பது. பிறகு மேன்ஹோலில் அழுத்தமானி, மாநகர சபை அனுமதியோடு. கால்வாய்க்கு றேடார், கூட்டுத்தாபனத்தின் அனுமதி கிடைத்த பின். மழைமானி தொடர்மாடியின் மொட்டைமாடியில். அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும், வாசலுக்கு மிச்சமுள்ள சென்டிமீற்றரில். கான் 10 நிமிடத்தில் 15 செ.மீ ஏறினாலோ, வாசலுக்கு 30 செ.மீக்குள் வந்தாலோ முதல் அறிவித்தல். மின்மானிகளை மேல்தளத்துக்கு மாற்றத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவிடம் தனியாகக் கேட்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும். தொலைபேசி பாவிக்காத வயதானவர்கள் நாலைந்து வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு?

மட்டக்கோல்

ஒழுங்கை முகப்பில ஒரு 12 வோல்ட் ஊதுகுழலை மேன்ஹோல் பெட்டியோட தொடுத்துவிடுங்கோ, இரவில அதுதான் எழுப்பும். பகலுக்கு, ஆகப் பதிஞ்ச வாசலுக்கு முன்னால மதிலில ஒரு அளவுகோல் கீறுங்கோ. வாசற்படி உயரம் பூச்சியம், அதுக்குக் கீழ 10 செ.மீக்கு ஒரு கோடு, எண்ணெய்ப் பெயின்ட்டில மஞ்சளும் சிவப்பும். தொலைபேசியில வாற எண்ணும் மதில் கோடும் ஒண்டாயிருக்கோ எண்டு ஒவ்வொரு மழைக்கும் ஆச்சி ஜன்னலால பார்த்துச் சொன்னாலே காணும். 3 செ.மீக்கு மேல வித்தியாசம் வந்தா அண்டைக்கே மானியைத் தூக்கிக் கழுவுங்கோ, சேறு ஏறியிருக்கும்.